பங்காளி மிருகங்கள்

என் மகளுக்கு டைனோசர் பைத்தியம் பிடித்ததற்கு நான்தான் காரணம் என்று என் மூத்த ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, அப்போதெல்லாம் சொல்வார். பொம்பளைப் பிள்ளைக்குப் பல்லியும் ஓணானுமாக அச்சடித்துக் கொடுத்து வளர்த்தால் அது எப்படி உருப்படும் என்பது அவர் கேள்வி. நான் பதில் சொன்னதில்லை. ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கறம்பக்குடியில் தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், இவைதான் என் பிழைப்பு. நகல் எடுக்க வருகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள், போட்டுக்கொண்டே போவார்கள். ஒருநாள் ஒரே பைக்கில் வந்து இறங்கிய அண்ணனும் தம்பியும் என் கடை வாசலிலேயே, இனி ஒருத்தன் மூஞ்சியில் ஒருத்தன் முழிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினார்கள். அப்புறம் அந்த பைக்கை யார் ஓட்டிக்கொண்டு போவது என்று இன்னொரு சண்டை. பள்ளிக்கூட வேன் என் மகளைக் கடை வாசலில்தான் இறக்கிவிடும். மெஷினுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள்.

அவள் அப்பா அப்போது சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். ஒரு லீவுக்கு வரும்போது பெட்டி நிறைய பிளாஸ்டிக் டைனோசர் வாங்கி வந்தார். பெண் பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் முழித்தவர் தலையில் கடைக்காரன் கட்டிவிட்டிருக்கிறான். "பொம்மை இல்லையாப்பா?" என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள். மனுஷனுக்கு முகமே தொங்கிப் போயிற்று. ஆனால் அவர் லீவு முடிந்து கிளம்பிப் போன வாரமே, அந்த மிருகங்கள் தட்டைச் சுற்றி நிற்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அவளுக்காகக் கம்ப்யூட்டரில் படம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வரைபடம் வந்தது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், நம் இந்தியா, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாகக் கிடந்தது. கோண்டுவானா என்று பேர் போட்டிருந்தது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்ததாம், அப்புறம் உடைந்து பிரிந்து போனதாம் என்று படித்துச் சொன்னேன். அவள் ஸ்கிரீனில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"இது யாரு பேருலம்மா பட்டா இருந்துச்சு?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. "கூட்டுப் பட்டாடி" என்றேன். அத்தோடு விடுவாள் என்று பார்த்தால், எங்கே விட்டாள்!

அந்த வருஷம்தான் எங்கள் குடும்பத்திலும் பாகம் பிரித்திருந்தோம். சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றிவிட்டுப் போனார். தென்னந்தோப்பில் ஒரு வரிசை யார் பக்கம் என்பதில் என் கணவரின் அண்ணன் கோபித்துக்கொண்டு கொஞ்ச காலம் எங்களோடு பேசவில்லை. இதெல்லாம் அவள் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. வரைபடத்தை அச்சடித்துக் கொடுத்தேன். கடைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அண்டார்டிகா பெரியப்பாம்மா. யாருகூடயும் பேசாம ஐஸாக் கெடக்காரு. மடகாஸ்கர் சித்தப்பா. எல்லாரும் போனப்பறமும் கொஞ்ச நாளு நம்மகூட இருந்துட்டுத்தான் பிரிஞ்சாரு."

"அப்ப நாம யாருடி?"

"நாம கட்டிக்குடுத்த பொண்ணு. தனியாக் கடல்ல போயி அங்கிட்டு ஆசியா வீட்டுல முட்டி நின்னோம். முட்டுன வேகத்துலதான் இமயமலை வந்துச்சு." படத்தில் இந்தியாவை விரலால் தொட்டாள். "போறப்ப கூட யாருமே இல்லம்மா. சுத்தியும் கடலு. இருந்த மிருகத்த மட்டும் வச்சுக்கிட்டுப் போச்சு. பயமா இருந்துருக்கும்ல?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கடையில் கூட்டம் இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கோண்டுவானா மிருகங்கள் பங்காளிகள். மற்றதெல்லாம் அசலூர். இரண்டு கொம்பு வைத்த ஒன்று தென் அமெரிக்காக்காரன், உள்ளே வரலாம். முதுகில் பாய்மரம் மாதிரி விரித்திருந்தது ஆப்பிரிக்கா, வரலாம். நீளக் கழுத்து எல்லா நாட்டிலும் இருந்ததால் அதற்கும் தடை இல்லை. நம் நர்மதை ஆற்றுப் பக்கம் எலும்பு கிடைத்த ராஜசாரஸ் இவள் பெட்டியில் இல்லை. எதற்கோ கொம்பு ஒட்டி அதற்கு ராஜா பட்டம் கட்டினாள். பன்றி மாதிரி தடியாக, இரண்டு பல் நீட்டிக்கொண்டிருக்கிற லிஸ்ட்ரோசாரஸ் என்ற பிராணியைக் களிமண்ணில் அவளே செய்தாள். அது டைனோசரே இல்லையாம். அதற்கும் முந்தினதாம். அதன் எலும்பு இந்தியாவிலும் கிடைத்திருக்கிறது, ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருக்கிறது, பெரியப்பா ஐஸுக்கு அடியிலும் கிடைத்திருக்கிறது. "அதால கடல்ல நீந்திப் போக முடியாதும்மா. அப்ப நெலம் ஒண்ணாத்தான இருந்துருக்கணும்? பத்திரம் இல்லாட்டி என்ன, எலும்பு இருக்குல்ல" என்றாள். தாலுகா ஆபீஸில் எழுதப் படிக்கத் தெரிந்த எத்தனையோ பேருக்கு இவ்வளவு தெளிவாக வழக்குப் பேசத் தெரியாது.

உள்ளே வந்த ஒவ்வொன்றின் வயிற்றிலும் அது எந்த நாட்டுப் பங்காளி என்று மார்க்கர் பேனாவால் ஓர் எழுத்து எழுதினாள். அசலூர் மிருகங்களைப் பெரியப்பா வீட்டுப் பையன்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். முதலில் போனது டி-ரெக்ஸ். பெட்டியிலேயே பெரியது, பேட்டரி போட்டால் வாயைத் திறந்து கத்தும். அவள் அப்பா ஆசை ஆசையாகத் தூக்கி வந்தது அதைத்தான்.

"ஏண்டி, நல்ல சாமான ஏண்டி குடுக்குற?"

"அது வடக்கும்மா. நம்ம நெலத்துல கால் வச்சதே இல்ல." அப்புறம் என் காதுக்குள் சொன்னாள்: "அப்பாகிட்டச் சொல்லிராத. சங்கடப்படுவாரு."

பெரியப்பா பையன்கள் அதை ஒரே மாதத்தில் உடைத்து, வாலை ஒருத்தனும் தலையை ஒருத்தனுமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பள்ளியில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் குகை ஓவியத்தைப் பற்றிப் பேச, இவள் மட்டும் போகிற வழியில் பார்த்த பழைய காலத்துப் புதைகுழிக் கல்வட்டங்களைப் பற்றியே பேசினாள். வந்த மறுநாள் தோட்டத்தில் மிருகங்களைப் புதைக்க ஆரம்பித்தாள். தென்னம்பாத்தி, கடலைக்கொல்லை, மோட்டார் ரூம் வாய்க்கால் என்று எங்கே பார்த்தாலும் குழி. எது எங்கே என்று அவளுக்கே ஞாபகம் இருக்காது.

"ஏண்டி பாழாக்குற?" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

"புதைச்சாத்தாம்மா பின்னாடி வாரவங்களுக்குக் கெடைக்கும். எரிச்சா ஒண்ணுமே கெடைக்காது" என்றாள் முதுகைத் தேய்த்துக்கொண்டே.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில் அவள் போய்விட்டாள். எட்டு வயது. காய்ச்சல்தானே என்று இருந்தோம், காய்ச்சல்தான் கொண்டு போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அவள் அப்பா வந்து சேருகிற வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கினார். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தார். எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். நான் அதற்காகச் சாமிக்கு நன்றி சொன்னேன் என்றால் நம்புவீர்களா? பிள்ளை பிரியமாக வைத்திருந்த சாமானைக் கூடவே வைத்து அனுப்புவதும் வழக்கம். வீட்டில் மிச்சமிருந்த பங்காளி மிருகங்களை எல்லாம் பொறுக்கி ஒரு மஞ்சப்பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, என் ஓரகத்திதான் என் கணவர் கையில் கொடுத்தார். "தம்பி, கால்மாட்டுல வச்சுருங்க" என்றார். பெண்கள் நாங்கள் மயானத்துக்குப் போவதில்லை. தெருமுனையோடு நின்றுவிட்டோம். அவள் கூட அவள் மிருகங்களாவது போகின்றன, தனியாகப் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதங்களைத் தள்ளினேன்.

அவர் திரும்பச் சிங்கப்பூர் போகவில்லை. தோப்பையும் கொல்லையையும் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார். கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷத்தில் நாங்கள் தொடர்ந்து ஒரே வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரிடம் பேச எதுவும் இல்லை. அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்குத் தென்னம்பாத்தியில் மண் கரைந்து ஒரு பச்சைக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோண்டி எடுத்தேன். பாய்மரக்காரன், ஆப்பிரிக்கா. வயிற்றில் அவள் எழுத்து. அப்படியே சேற்றுக் கையோடு வீட்டுக்கு ஓடிவந்து அவரிடம் காட்டினேன். "இது மீன் புடிச்சுத் திங்குமாங்க. நம்ம குளத்துல விட்டா ஒரே நாள்ல குளம் காலினு சொல்லுவா" என்றேன். அன்றைக்கு நான் சாப்பிட்டேன், பேசினேன், சிரிக்கக்கூடச் செய்தேன். அது அவளே புதைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளே கொடுத்த மாதிரி இருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்கத் தோட்டத்தில் கிடைத்துக்கொண்டே இருந்தது. கடலை பிடுங்குகிற பெண்கள், "அக்கா, ஒங்க பாப்பா சாமானு" என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்புறம் நின்றுவிட்டது. கோடையில் பாத்தி பாத்தியாக நானே மண்வெட்டி போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி மாதம் நட்ட நடு மத்தியானம், கொல்லைப்புறம் துவைக்கிற கல் மேல் ஒன்று நின்றது.

புதைந்து கிடக்கவில்லை. நின்றது. கழுத்து நீண்டது, கழுத்தில் அவள் பல் பட்ட தழும்போடு. இந்தத் தழும்பு எனக்குத் தெரியும். ஏனென்றால் இதை நான்தான் தேடி எடுத்து ஓரகத்தியிடம் கொடுத்தேன். மஞ்சப்பைக்குள் போனது. பை குழிக்குள் போனது. குழி மேல் மண் போட்டாயிற்று.

பயந்தேனா என்றால், பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று வந்தது. "வந்துட்டியாடி தங்கம்" என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்தது அடுப்படி ஜன்னலில். அடுத்தது சாமி அலமாரியில், குங்குமச் சிமிழ் பக்கத்தில் இரண்டு கொம்பன். வேறொன்று கடையில், ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் வைக்கிற தட்டில். தோட்டத்தில் இருந்தவள் கொல்லைக்கு வந்து, கொல்லையிலிருந்து வீட்டுக்குள் வந்து, இப்போது என் கூடவே கடைக்கும் வருகிறாள் என்று நான் முடிவே பண்ணிவிட்டேன். குளிக்கப் போனால் கதவைத் தாழ் போடாமல் போனேன். வேன் வருகிற நேரத்துக்குக் கடை வாசலைப் பெருக்கி வைத்தேன். முக்காலியில் யாராவது வாடிக்கையாளர் உட்கார்ந்தால் வள்ளென்று விழுந்தேன். ஒவ்வொரு மிருகம் கிடைக்கும்போதும் அவரைக் கூப்பிட்டு, அது என்ன தின்னும், எங்கே இருந்தது, அதைப் பற்றி அவள் என்ன சொன்னாள், எப்படி மூக்கைச் சுருக்கிச் சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்பார். அழுகிறாரே என்று நான் நிறுத்தினால், "அப்பறம்?" என்பார்.

ஓரகத்திக்கு விஷயம் போய்விட்டது. இரண்டு கொம்பனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"ஏடி, இத என் கையாலல்ல பையில போட்டேன்! குழிக்குள்ள போன சாமானு இங்கிட்டு எப்புடிடி வரும்?"

"அவ கொண்டாந்துட்டாக்கா."

"பேசாத. ஆத்தாள விட்டுப் போக மனசு கேக்காம புள்ள அலையுது. இப்படியே உள்ள விட்டா அதுக்கும் போக வழி தெரியாது, ஒனக்கும் புத்தி நெலைக்காது. வெள்ளிக்கெழம கோடாங்கிய வரச் சொல்லிருக்கேன். உடுக்கடிச்சு, நல்லபடியா அனுப்பி வச்சுருவோம்."

அனுப்பி வைப்பதாம்! எனக்கு வந்ததே கோபம். "என் பிள்ளைய என் வீட்ட விட்டு வெரட்ட நீங்க யாரு?" என்று கத்தினேன். பாகப்பிரிவினைக்கு அப்புறம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அவர் அழுதுகொண்டே, ஆனால் பிடிவாதமாகவே போனார். என் கணவரோ தூணோடு தூணாக நின்றார். "வேணாம் அண்ணி" என்று மட்டும் முனகினார். ஏன் வேண்டாம் என்று சொல்லத் துப்பில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். வெள்ளிக்கிழமை வந்தால் அவள் போய்விடுவாள். இவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் உலை வைக்க அரிசி அள்ளினேன். ட்ரம்முக்குள் கையை விட்டதும் ஏதோ தட்டுப்பட்டது. அவள்தான் என்று மனசு துள்ளியது. வெளியே எடுத்தேன்.

டி-ரெக்ஸ்.

புத்தம் புதியது. பிளாஸ்டிக் வாடை அடித்தது. வயிற்றில் எழுத்து இல்லை. கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டியது போக மிச்சம் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அரிசி அதன் பல்லுக்குள் எல்லாம் போயிருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எந்த உலகத்தில் இருந்தாலும் சரி, எந்த ரூபத்தில் வந்தாலும் சரி, டி-ரெக்ஸைக் கொண்டுவந்து இந்த வீட்டுக்குள் வைக்க மாட்டாள். அது வடக்கு. இந்த ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அப்படியென்றால் இதை வைத்தது அவள் இல்லை. இதை வைத்தது அவள் இல்லையென்றால், துவைக்கிற கல்லில் வைத்ததும், சாமி அலமாரியில் வைத்ததும் அவள் இல்லை. அவள் வரவே இல்லை. இத்தனை மாதமாக வீட்டில் நானும் அவரும்தான் இருந்திருக்கிறோம். என் பிள்ளை இரண்டாவது தடவையாகச் செத்துப் போனாள், அரிசி ட்ரம்முக்குப் பக்கத்தில்.

டி-ரெக்ஸை மடியில் கட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி சமைத்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் ட்ரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அரிசி இருக்கா?"

"இருக்கு."

"அடியில போயிருக்குமே. நல்லாத் தொழாவிப் பாத்தியா?"

பாவி மனுஷன், பொய் சொல்லக்கூடச் சரியாக வரவில்லை. மடியிலிருந்து எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இத எங்க வாங்குனீங்க?"

மழுப்பவில்லை. "புதுக்கோட்டையில" என்றார். கையைக் கழுவினார். உள்ளே போய்ச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை இழுத்துத் திறந்து, அடியிலிருந்து மஞ்சப்பையை எடுத்து வந்தார். ஓரகத்தி போட்ட முடிச்சின் சுருக்கம் இன்னும் அதில் இருந்தது. பை காலி.

"குழிகிட்டப் போயி நின்னேன். பைய வைக்கச் சொன்னாக. கை வரல. அவ மூஞ்சியவே நான் சரியாப் பாக்கல. கண்ணாடிக்குள்ள என்னத்தப் பாக்குறது? எல்லாரும் மண்ணு தள்ளுறப்ப சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு வந்துட்டேன்."

"அதுக்கு? என்னப் பைத்தியக்காரியாக்கி வேடிக்கை பாத்தீங்களா? தங்கம் தங்கம்னு காத்தோட பேசிக்கிட்டுத் திரிஞ்சேனே, அப்பக்கூடச் சொல்லத் தோணலையா? நெஞ்சுல ஈரமில்ல?"

கையில் கிடைத்த கரண்டியை வீசினேன். சுவரில் பட்டு விழுந்தது. அவர் நகரவில்லை.

"ஒன்னய ஏமாத்தணும்னு செய்யல. மொத மொத தென்னம்பாத்தியில கெடைச்சப்ப எங்கிட்ட ஓடியாந்த. அன்னைக்குப் பூரா அவளப் பத்தியே பேசுன. என்ன சொல்லுவா, எப்படிச் சிரிப்பா... எனக்கு அதெல்லாம் தெரியாதுல்ல. நான் பாத்தது போன்லதான. டவர் இல்லாட்டி அதுவும் இல்ல. அப்பறம் மண்ணுல கெடைக்கிறது நின்னுச்சு. நீயும் பேச்ச நிறுத்திட்ட. வாயத் தொறந்து கேட்டா நீ அழுவ. மிருகத்த எடுத்தீன்னா பேசுவ. அவ பேச்சக் கேக்கணும்னுதான் ஒண்ணொண்ணா வச்சேன். பை காலியாப் போச்சு. அதான் கடைக்குப் போனேன்."

எனக்காகச் செய்தார் என்றுதான் அதுவரைக்கும் நினைத்தேன். ஏமாற்றினாலும் என் மனசு ஆறட்டும் என்று செய்திருப்பார், அதற்காக நான் அவரைத் திட்டித் தீர்க்கலாம் என்று இருந்தேன். அவர் எனக்காகச் செய்யவில்லை. பெற்ற பிள்ளையைத் தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை. எனக்கு வாயடைத்துப் போயிற்று. எனக்கு!

கீழே கிடந்த கரண்டியை எடுத்து வைத்துவிட்டு, "இத ஏன் வாங்குனீங்க?" என்று டி-ரெக்ஸைக் காட்டிக் கேட்டேன்.

"நான் கொண்டாந்ததுலயே பெருசு இதுதான. பையில இல்ல. புள்ள தொலைச்சுட்டு எங்கிட்டச் சொல்லப் பயந்துருக்கும்னு நெனைச்சேன்."

"தொலைக்கல. தூக்கிக் குடுத்துட்டா. அது வடக்காம், நம்ம பங்காளி இல்லையாம். அப்பாகிட்டச் சொல்லாத, சங்கடப்படுவாருனு எங் காதுக்குள்ள சொன்னா."

அவர் அந்தப் பொம்மையையே பார்த்தார். முதலில் சிரித்தார். பெரிய சிரிப்பு, தோள் குலுங்கியது. அது எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்காகவா அப்படிச் சொன்னா? சங்கடப்படுவேன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம், ஆமாம் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். குழம்பு ஆறிப் போயிற்று.

சாயங்காலம் அவரே போய் ஓரகத்தியிடம் சொல்லிவிட்டார். ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டு, "அடப்பாவி மனுசா, எங்க எல்லாருக்கும் குலை நடுங்க வச்சுட்டீங்களே" என்று சத்தம் போட்டது எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது. அப்புறம் அவரே ஒரு தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை உடுக்குச் சத்தம் கேட்கவில்லை. வீடு காலியாக இருந்தது. குளிக்கப் போகையில் கதவைத் தாழ் போட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அவர், "வா, இத மாத்திட்டு வருவோம். எது நம்ம பக்கம்னு நீ பாத்துச் சொல்லு" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க அண்டார்டிகா பெரியப்பா கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். அண்ணன் முகத்தை நினைத்து அவர் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழ ராஜ வீதியில் ஒரு பொம்மைக் கடை. டி-ரெக்ஸைக் கல்லாவில் வைத்து, மாற்ற வேண்டும் என்றேன். கடையில் இருந்த பெண் டைனோசர் பெட்டிகளை எல்லாம் எடுத்துப் பரப்பினாள். நானும் அவரும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதுகில் தட்டு அடுக்கினது வேண்டாம், மூன்று கொம்பு வேண்டாம், அதெல்லாம் அசலூர் என்று நான் ஒதுக்கினேன். அந்தப் பெண் எங்களை வினோதமாகப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு என்ன வயசுக்கா? அதுக்குத் தக்கன எடுத்துக் குடுக்கேன்."

"எட்டு" என்றேன் நான்.

"பத்து" என்றார் அவர், அதே நேரத்தில்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பிள்ளைகளா?" என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். என்னிடம் அவள் எட்டிலேயே நின்றுவிட்டாள். அவர் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். அது எனக்கு அந்தக் கடையில்தான் தெரிந்தது.

"ஒரு பொண்ணுதாம்மா" என்றேன். "பத்து வயசு."